கட்டுத்துணி

சத்திரப்பட்டியில் ஒரு தறிக்கூடம். 'சார்பட்டா பரம்பரை' எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"துணி நல்லா சுத்தியிருந்தாங்க, அண்ணாச்சி."

எந்தத் துணி?

"கையிலதான். கிளவுசு மாட்டுறதுக்கு முன்னாடி."

குறித்துக்கொண்டேன். அதுவரை படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தேன். துணியைப் பார்க்கவில்லை.

2021 ஜூலை 22. வியாழன். ஆடி பிறந்து ஆறாம் நாள். ஆடிப்பூரத்துக்கு இன்னும் இருபது நாள். கொரோனா இரண்டாம் அலை இறங்கிக்கொண்டிருந்த நேரம். தியேட்டர் எல்லாம் பூட்டு. பா. ரஞ்சித்தின் குத்துச்சண்டைப் படம் நேராக அமேசான் பிரைமில்.

தியேட்டர் திறந்தது ஆகஸ்ட் 23. பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. ஒரு மாசம் பிந்திவிட்டது.

ஆக, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தப் படத்துக்கு ஒரு விசில்கூடப் பறக்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். உள்ளங்கைக்குள் ஓடி முடிந்தது.

ஒரு போன். சுற்றி ஐந்து பேர். திரையில் குறுக்காக ஒரு விரிசல். கதாநாயகனின் எதிராளி வேம்புலி வரும்போதெல்லாம் அந்தக் கோடு அவன் தாடையில் விழுந்ததாம். சொன்னவருக்குக் கதை பாதி மறந்துவிட்டது. கோடு மறக்கவில்லை.

தெருச் சுவரில் இந்தப் படத்துக்கு ஒரு போஸ்டர் நான் பார்க்கவில்லை. போஸ்டர் அச்சடிக்கிற சிவகாசி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான்.

மறுபடி சத்திரப்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கம். ஊரே கட்டுத்துணி நெய்கிற ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அது. பேண்டேஜ், காஸ். வெளிநாட்டுக்கும் போகிறது.

தறிக்காரர் காஸ் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். பாவும் ஊடையும் நெருங்காமல் விலகி நிற்கின்றன. துணிக்கு அந்தப் பக்கம் அவர் மகன் நின்றான். அவன் முகம் தெரிந்தது. மூக்கு, மீசை, எல்லாம்.

"இப்படி இருந்தாத்தான் ரத்தத்தக் குடிக்கும். நெருக்கி நெய்ஞ்சா குடிக்காது."

தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர்கள் கையில் சுற்றுவது இந்தக் காஸ்தான். மேலே ஒட்டுநாடா. பயிற்சிக்கும் அமெச்சூர் போட்டிக்கும் வேறு. நீளமான பருத்தி நாடா, நாலரை மீட்டர் அளவில்.

கிளவுஸ் அடி வாங்குகிறவனைக் காப்பாற்ற, துணியும் அதற்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். துணி அடிக்கிறவனின் கைக்கு. மனிதக் கையில் 27 எலும்பு. மண்டையோடு அதைவிடக் கெட்டி.

அந்தத் தறிக்காரரிடம் படத்தில் யாரைப் பிடித்தது என்று கேட்டேன். கேள்வி அவருக்குக் கேட்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி வெளியே வரச் சொன்னார்.

படத்தையும் அவர் தறி ஓடும்போதேதான் பார்த்திருக்கிறார். துண்டு துண்டாக நாலு நாள். சத்தம் இல்லை. வைத்தாலும் கேட்காது.

சந்தோஷ் நாராயணன் இசை, கூட்டத்தின் கூச்சல், மணி, வாத்தியாரின் குரல், எதுவும் இல்லாத சார்பட்டா.

"டான்சிங் ரோசுதான். அவன் காலு தறிக்குச் சரியா விழுந்துச்சு."

டான்சிங் ரோஸ். நடித்தவர் ஷபீர் கல்லரக்கல். படத்தில் அவர் வரும் நேரம் கொஞ்சம். கேட்ட பத்துப் பேரில் ஏழு பேர் முதலில் சொன்ன பேர் அவர் பேர்தான். கதாநாயகன் கபிலன் பேரை அல்ல.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று.

"கையக் கீழ போட்டுட்டு நிக்கிறான். அடிடாங்கிறான்."

"தோத்தபொறகு அவன் பேசுறது. ஒளிவுமறைவு இல்ல."

"கால்."

நசீம் ஹமீது என்று பிரிட்டனில் ஒரு வீரர் இருந்தார். ஏமன் வழி வந்த குடும்பம். இறகு எடைப் பிரிவில் உலகப் பட்டம். கையைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, எதிராளியை ஆட விட்டு அடிப்பார். ரோஸைப் பார்த்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். ராஜபாளையத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. ஒருவர் சொன்னார்: "கரகாட்டக்காரங்க காலு அது."

ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கிண்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். வலது முன்கையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பால் தெறித்த இடங்கள்.

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார். பால் கொதித்து, சர்க்கரை விழுந்து, இறுகிவரும்போது கரண்டி கனக்கும். முதலில் மணிக்கட்டு போதும். பிறகு முழங்கை. கடைசியில் தோள், இடுப்பு, பாதம் எல்லாம் சேர்ந்து தள்ள வேண்டும். அவர் நின்ற நிற்பைப் பார்த்தேன். இடது கால் முன்னே, வலது கால் பின்னே, குதிகால் லேசாகத் தூக்கி.

படத்தில் கபிலனுக்கு ரங்கன் வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் நிற்பு.

"அவங்களுக்கு மூணு நிமிஷம் சண்ட, ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறாங்க. தண்ணி குடுக்காங்க, தொடச்சி விடுறாங்க. நமக்கு அந்த ஒரு நிமிஷம் கெடையாது. விட்டா அடிப்பிடிச்சிரும்."

மூன்று நிமிஷச் சுற்று, ஒரு நிமிஷ ஓய்வு, கையில் கிளவுஸ், விழுந்தால் பத்து எண்ணுவது. எல்லாம் 1867இல் இங்கிலாந்தில் குயின்ஸ்பெரி விதிகள் என்று எழுதி வைத்தது. படம் நடக்கும் வடசென்னைக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது.

அந்த ஒரு நிமிஷத்தை யோசித்துப் போட்டவன் யாராக இருந்தாலும் நல்லவன்.

பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அவருக்கு வருஷம் தெரியவில்லை. "அப்பலேர்ந்து டப்பால ஸ்டிக்கர் ஒட்டுறோம்" என்றார்.

குத்துச்சண்டை நம்ம ஊரில் உண்டா என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரித்தேன். பெரியவர் ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: "தாமரைக்கனி."

1999. சட்டமன்றம். ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.எல்.ஏ. தாமரைக்கனி, அமைச்சர் வீரபாண்டி ஆறுமுகத்தின் முகத்தில் குத்தினார். மூக்கில் ரத்தம். இருவருமே இன்று இல்லை.

பெரியவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. கையை மடக்கிக் காட்டினார். விரித்தார். அவ்வளவுதான்.

அதே பெரியவருக்குப் படத்தின்மேல் வருத்தம். தலைவரை விட்டுவிட்டார்களாம்.

எம்.ஜி.ஆர். ரசிகர். 1977இல் தலைவர் அருப்புக்கோட்டையில் நின்றபோது ஓட்டுக் கேட்கப் போனவர். 'பெரிய இடத்துப் பெண்' படத்தின் சிலம்பச் சண்டையை இன்னும் கம்பு இல்லாமலே சுற்றிக் காட்டுகிறார். மணிக்கட்டு மட்டும் சுழல்கிறது. எண்பதை நெருங்கும் மணிக்கட்டு.

படம் வந்த சில நாளில் முன்னாள் அமைச்சர் ஜெயக்குமாரும் இதையே அறிக்கையாக விட்டார். எம்.ஜி.ஆருக்குக் குத்துச்சண்டையோடு இருந்த உறவை மறைத்துவிட்டார்கள் என்று. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை. அப்போது முதல்வர் எம்.ஜி.ஆர்.

ரங்கன் வாத்தியார் தி.மு.க. கதை நெருக்கடி நிலைக் காலம். 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சிக் கலைப்பு. அந்தச் செய்தி சண்டை நடக்கும் இடத்துக்கே வந்து சேர்கிறது.

பெரியவரின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. ஆனால் ரஞ்சித் எடுத்தது ஒரு வாத்தியாரின் கதை. அந்த வாத்தியார் அந்தக் கட்சி. அதை மாற்றினால் வாத்தியாராக வரும் பசுபதியின் அந்த முகம் இருக்காது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அதுவும் சரிதான் தம்பி. ஆனா ஒரு படமாவது செவுத்துல மாட்டியிருக்கலாம்ல" என்றார்.

தளவாய்புரம். நைட்டி தைக்கிற ஊர். ஐந்து பெண்கள், ஐந்து மிஷின். படம் பார்த்தவர்கள் மூன்று பேர்.

மூவருக்கும் சண்டை ஞாபகம் இல்லை. கபிலனின் மனைவி மாரியம்மா ஞாபகம். துஷாரா விஜயன்.

"கல்யாணத்தன்னைக்கி ராத்திரி ஆடுறா பாருங்க. எங்க மதினி அத ஏழு தடவ வச்சி வச்சிப் பாத்தாங்க."

மதினி பக்கத்து மிஷினில்தான் இருந்தார். தலை நிமிரவில்லை. கால் மட்டும் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"குடிச்சிட்டு வர்றவன ஒருத்தி நிக்க வச்சிக் கேள்வி கேக்குறால்ல, அதான் சண்ட" என்றார் இன்னொருவர்.

ரெண்டாம் பாதி இழுவை. இதை எல்லா இடத்திலும் சொன்னார்கள். டீக்கடையில், பஸ்ஸில், கல்லூரி வாசலில். கபிலன் தோற்று, சாராயத்தில் இறங்கி, தொப்பை போட்டுத் திரியும் பகுதி.

எனக்கு அப்படிப் படவில்லை. படத்தின் உயிரே அங்கேதான் என்பேன். கபிலனாக வரும் ஆர்யா அந்தத் தொப்பையோடு நடக்கும் நடை. ஓங்கிய கை பாதியில் மறந்து இறங்குகிறது.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் கடைகள் மறுபடி திறந்தன. கபிலன் விழுவது கடைசி இரண்டுக்கும் நடுவில், கள்ளச்சாராய வருஷங்களில்.

ராஜபாளையத்தில் ஒருவர் அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டாராம். மீதியை இன்றுவரை பார்க்கவில்லை.

"எங்க அண்ணன் இப்படித்தான் இருந்தான்."

மேற்கொண்டு கேட்கவில்லை.

கபிலன் கடைசியில் ஜெயிக்கிறான் என்பதை அவரிடம் சொல்லலாமா என்று பஸ் ஸ்டாண்ட் வரை யோசித்தேன். சொல்லவில்லை.

நாய் வளர்க்கிறவர். சுத்தமான வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. ராஜபாளையம் நாய். 2005இல் தபால்தலை போட்டார்கள்.

அவர் கருத்து வேம்புலியைப் பற்றி. ஜான் கொக்கன். "அவன் ரொம்பக் கத்துறான். பாயப்போற நாய் சத்தமே போடாது. தோளு மட்டும் எறங்கும்."

தோள் இறங்குவதை அவர் நாயிடம் காட்டச் சொன்னேன். "பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது" என்றார். இந்த இனத்தில் வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கும். இதுவும் அப்படி. தரையைக் காலால் தட்டினார். அதிர்வு போய்ச் சேர்ந்தது. திரும்பியது.

சத்தமில்லாமல் படம் பார்த்தவர் இருப்பது இங்கிருந்து சில கிலோமீட்டர்.

லோடு வேன் ஓட்டும் பையன். இருபத்திரண்டு வயசு. சார்பட்டா பரவாயில்லையாம். அவனுக்கு 'தி ரெய்ட்'தான். இந்தோனேசியப் படம், 2011. ஜகார்த்தாவில் ஒரு அடுக்குமாடி. மாடி மாடியாக அடித்துக்கொண்டே ஏறுவார்கள். சிலாட் என்கிற அவர்கள் ஊர்ச் சண்டைக்கலை. எடுத்தவர் கேரத் எவன்ஸ், வேல்ஸ்காரர்.

"அதுல ஒருத்தன் துப்பாக்கியக் கீழ வச்சிட்டு வெறுங்கையால வாடாங்கிறான், பாத்தீங்களா அண்ணே?"

பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. எலும்பு முறிகிற சத்தம் காதிலேயே இருந்தது.

கதாநாயகன் இக்கோ உவைஸ். நடிக்க வருவதற்குமுன் ஒரு டெலிபோன் கம்பெனியில் வண்டி ஓட்டினார். இதை அவனிடம் சொன்னேன். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

முடிவெட்டும் கடை. கண்ணாடிக்கு மேலே புரூஸ் லீ. நீலம் எல்லாம் வெளுத்து, முகம் மட்டும் மிச்சம். கடைக்காரரின் அப்பா ஒட்டியது.

புரூஸ் லீ இறந்தது 1973 ஜூலை 20. வயது 32. 'என்டர் தி டிராகன்' வெளியாவதைப் பார்க்கவில்லை.

அது ஜூலை 20. சார்பட்டா வந்தது ஜூலை 22. எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

கடைக்காரருக்குப் பிடித்தது 'பத்ரி'. 2001. விஜய் கைவிரல் மேல் கார் ஏறும் காட்சி. ஷிஹான் ஹுசைனி பயிற்சி. கடைக்காரர் பள்ளிக்கூடம் படிக்கும்போது சைக்கிளை விட்டுப் பார்த்தாராம். சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்காது. கத்தரியை அந்த விரல் படாமல்தான் பிடிக்கிறார்.

கல்லூரி மாணவி. கபடி ஆடுகிறவள். 'இறுதிச்சுற்று'தான் அவள் பார்த்த முதல் குத்துச்சண்டைப் படம். 2016. சுதா கொங்கரா. மீன் விற்கும் பெண்ணாக ரித்திகா சிங். நிஜத்திலேயே கிக் பாக்ஸிங் வீராங்கனை.

"அவங்க அடிக்கும்போது மூச்சு வெளிய வருது சார். மத்த படத்துல அடிச்சபொறகுதான் மூச்சு விடுவாங்க."

இதை ஒரு விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

ஆர்யாவுக்கு மூச்சு வருகிறதா என்று கேட்டேன். யோசித்தாள். "ரெண்டாவது தடவ வேம்புலிகூடப் போடும்போது வருது. மொதத் தடவ வரல."

வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்தேன். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிப் பக்கம் ஒரு ஆச்சி. பேரன் போனில் பார்த்தார். அவர் பேசியது ஒரே காட்சியைப் பற்றி.

முதல் தடவை வேம்புலியோடு மோதும்போது கபிலன் ஜெயிக்கப் போகிறான். கலவரம். மேடையில் அவனை அடித்து, உடுப்பை உருவி, அத்தனை பேர் முன்னால் அம்மணமாக்குகிறார்கள்.

"வேட்டி கட்டுன ஆம்பளைக அத்தன பேரு நிக்கான். தோள்ல துண்டு போட்டவன் எத்தன பேரு. அந்தப் பிள்ளைக்கு ஒரு துணி குடுக்க ஒருத்தனுக்குக் கை வரலியே."

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது சினிமா, ஆச்சி" என்று பேரன் சொன்னான். "சும்மா இருலே" என்றார்.

தண்டனையாக அடித்தால் ஆறிவிடும். இப்படி உரிந்தால் ஆறாது. அந்த இடத்துக்குப் பிறகு கபிலன் ஏன் குடித்தான் என்று யாரும் கேட்கக்கூடாது. இழுவை என்று சொன்னவர்கள் ஆச்சியிடம் ஒருமுறை பேசலாம்.

அப்பா.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம். மூன்று ஷிப்டு. வலது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. நுனியும் கொஞ்சம் கிடையாது. மிஷினில் போனது. நான் பிறப்பதற்கு முன். அன்றைக்கு விரலில் சுற்றிய துணியை அம்மா ரொம்ப நாள் வைத்திருந்தாராம். ஏன் என்று கேட்டதில்லை.

அப்பாவோடுதான் முதல் தடவை படம் பார்த்தேன். டி.வி.யில் போட்டேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். அடி விழும்போதெல்லாம் அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாது.

படம் முடிந்தது. எப்படிப்பா?

"மணி அடிச்ச ஒடனே நிறுத்திர்றாங்க. எவ்வளவு கோவமா இருந்தாலும்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தார். அவருக்குத் தெரிந்தது மில் சங்கு. ஒரு ஷிப்டு வெளியே வரும்போது அடுத்த ஷிப்டு உள்ளே போகும். மிஷின் நிற்காது.

சத்திரப்பட்டிக்காரர் கடைசியாகக் கேட்டது: "அண்ணாச்சி, அந்த வாத்தியார் கொரலு எப்படி இருக்கும்?"

பசுபதியின் குரல். எப்படிச் சொல்வது? கரகரப்பு. கத்தாது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விடும்.

"நம்ம துணி மாதிரியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

2023 மார்ச்சில் இரண்டாம் பாகத்தை அறிவித்தார்கள். எடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அதையாவது தியேட்டரில் விடுங்கள். தறியை நிறுத்திவிட்டு, சத்தத்தோடு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சத்திரப்பட்டியில் ஒருவர் காத்திருக்கிறார்.